மேலை என்ன மாதிரி?

இத்தாலியின் பலேர்மோவில் எங்கள் தமிழ் ஆட்கள் அவரை ‘மேலை’ என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே இல்லை, அவர் முதுகைத் திருப்பிய பிறகு. “அந்தா மேலை வாறார்” என்பார்கள், “உதை மேலையிட்டைக் கேளுங்கோவன்” என்பார்கள், பிறகு சிரிப்பார்கள். அந்தப் பட்டத்தை வைத்தது என் மனுசன்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நானும் சேர்ந்து சிரித்தவள்தான்.

பட்டத்துக்குக் காரணம் அவருடைய கேள்வி. யார் வந்து எதைச் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது, “மேலை என்ன மாதிரி?” அதாவது, அதற்கு மேலே என்ன நிலைமை என்று. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வரிசையில் காலையிலிருந்து நின்று, ஒரு கடதாசி குறைகிறதென்று திரும்பி, வயிறெரிந்துகொண்டு ஒருவர் வருவார். நாங்கள் எல்லோரும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவளைத் திட்டுவோம். இவர் மட்டும், “அவவுக்கு மேலை ஏதும் புதுக் கடிதம் வந்திருக்கோ? அதைக் கேட்டனியளோ?” என்பார். பிரான்காச்சோவில் கார் திருத்துமிடத்தில் வேலை செய்த ஒருவரை முதலாளி வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டான் என்றால், “முதலாளிக்கு வீட்டிலை என்ன மாதிரி?” என்பார். நொந்து வந்தவனுக்கு இது எரிகிற இடத்தில் உப்பு.

என்னிடமும் ஒருமுறை மாட்டிக்கொண்டார். என் மூத்தவள் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையின் தலைமயிரைப் பிடித்து இழுத்துவிட்டாள் என்று ஆசிரியை கூப்பிட்டுச் சொன்ன நாள். அழுகை வருகிற மாதிரி அவரிடம் சொன்னேன். சட்டியில் வெங்காயத்தைக் கிளறிக்கொண்டே கேட்டார், “அண்டு காலமை உங்கடை வீட்டிலை என்ன மாதிரி?” அன்று காலையில் நானும் மனுசனும் ஒரேத்தோவில் எங்கள் மாடிவீடு அதிரச் சண்டை பிடித்திருந்தோம். அது இவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

அவரை நான் அறிந்தது வேலையால். பொலிதேயாமாப் பக்கம், கடைகளுக்கு மேலே மூன்றாம் மாடியில், ஒரு வயதான சினியோராவின் வீடு. அவர் அங்கே பதந்தே, அதாவது வீட்டோடு தங்கிக் கிழவியைப் பார்ப்பவர். நான் கிழமையில் மூன்று நாள் துடைக்கவும் மினுக்கவும் போவேன். அவருக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். கல்யாணம் கட்டவில்லை. மலை எல்லைகள் கடந்து, நடந்து வந்தவர்களில் ஒருவர் என்று கேள்வி. கூட ஒரு ஊர்ப் பெடியனும் வந்தானாம் என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பெடியன் எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். இப்போது சினியோராவும் இல்லை, அந்த வீடும் கைமாறிவிட்டது, அவரும் இந்த ஊரில் இல்லை. பெயரைச் சொல்லி எழுதலாம். ஆனால் வாழ்நாள் முழுக்கத் தன்னைப் பற்றி ஒரு வரி சொல்லாத மனிதரை நான் ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும்?

சினியோரா சும்மா கிழவி இல்லை. படித்த மனுசி. மலை உச்சியில் கிடக்கிற பெரிய பனிக்கட்டிகள் உருகி எவ்வளவு தண்ணீர் ஆறாய் இறங்குகிறது என்று அளப்பதே அவருடைய தொழிலாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. கோடையில் இரண்டு மாதம் வடக்கே, மலைக்குள், ஆற்றங்கரையில் இருந்த கல்வீட்டுக்குப் போய்விடுவார், இவரையும் கூட்டிக்கொண்டு. பாலத்தின் காலில் சிவப்பும் வெள்ளையும் பூசிய ஓர் அளவுத்தடி அடித்திருந்ததாம். காலை ஏழு மணிக்கு ஒருதரம், பின்னேரம் ஐந்து மணிக்கு ஒருதரம், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். சினியோராவுக்கு முழங்கால் விட்டுப்போனபின் அந்த வேலை இவர் தலையில் விழுந்தது. பதினொரு கோடை செய்திருக்கிறார்.

ஆறே இல்லாத ஊரில் பிறந்த ஆள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் தெரிந்தது கிணறும் குளமும், மாரியில் ஓடிக் கோடையில் காணாமல் போகிற ஒரு வழுக்கியாறும்தான். பலேர்மோவில் எங்கள் பகுதிக்குப் பெயர் கொடுத்த ஒரேத்தோ ஆறும் அதே சாதி. ஆவணி மாதத்தில் பாலத்தில் நின்று பார்த்தால் நாணலும் குப்பையும்தான் தெரியும், மழை பெய்தால் மட்டும் உறுமிக்கொண்டு வரும். தண்ணீர் ஏற வேண்டுமென்றால் மழை வேண்டும், மழைக்கு முகில் வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் யாரும் சொல்லித்தராமலே தெரிந்த விஷயம்.

அவருடைய ஆறு அப்படி இல்லையாம். குசினியில் இருந்த வெள்ளைப் பளிங்கு மேசையில் ஈர விரலால் எனக்கு அதைக் கீறிக் காட்டுவார். உச்சியில் ஐஸ். அதன் அடியில் ஒரு குகை வாய். அங்கேயிருந்து புறப்பட்டுக் கல்லுவெளியில் நாலைந்து வாய்க்காலாய்ப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து, பிறகு ஒரு இடுக்குக்குள் நுழைந்து நெருக்கிப் பாய்ந்து, கீழே பாலம், அதற்கும் கீழே ஊர்கள், அப்பிள் தோட்டங்கள்.

“தண்ணியின்ரை நிறம் என்ன தெரியுமோ? அரிசி கழுவின தண்ணி,” என்றார் ஒருநாள். “ஐஸ் அப்பிடியே அரக்கி அரக்கி இறங்குது. அடியிலை கிடக்கிற பாறையை மாவா அரைச்சுப்போடும். அந்த மாத்தான் தண்ணியிலை வாறது. காலமை கொஞ்சம் தெளிஞ்சிருக்கும். பின்னேரம் நல்லாக் கலங்கும்.”

“ஏன் பின்னேரம்?”

“வெய்யில். காலமை பத்துப் பதினொண்டுக்கு ஐஸிலை வெய்யில் ஏறுது. உருகுது. உருகின தண்ணி பாலத்தடிக்கு வந்து சேர மூண்டு, நாலு மணித்தியாலம். கீழை இருக்கிறவன் பாப்பான், வானம் கண்ணாடி மாதிரி, ஒரு சொட்டு மழை இல்லை. தண்ணி ஏறிக்கொண்டு வரும். மழை நாளிலை, குளிரிலை, அந்த ஆறு இறங்கி நிக்கும். விடியப்புறம்தான் ஆகக் குறைவு.”

நான் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, “நல்ல விசர் ஆறு” என்றேன். அவர் சிரிக்கவில்லை. சினியோராவுக்கு அப்போது புத்தி தெளிவாக இருந்தது. கதிரையில் இருந்தபடி, இவருடைய முதல் கோடையில் இந்த விஷயத்தைத் தான் விளக்கிச் சொன்னபோது நடந்ததைச் சொன்னார். வெயிலில்தான் இந்த ஆறு ஏறும் என்று சொன்னதும் இவர் கையில் இருந்த கொப்பியைப் போட்டுவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாராம். சினியோரா வெயில் குத்திவிட்டதாக்கும் என்று பயந்து தண்ணீர் கொடுத்தாராம். கிழவி அதைச் சொல்லிச் சிரிக்க, இவர் எழுந்து போய்க் குசினிச் சன்னலைச் சாத்தினார். காற்று அடிக்கவில்லை. ஏன் சாத்துகிறார் என்று நான் அன்று யோசிக்கவில்லை.

ஞாயிறு காலையில் எங்கள் ஆட்கள், சைவக்காரரோ வேதக்காரரோ, பெல்லெக்ரீனோ மலையில் கோவில்கொண்டிருக்கும் புனித ரொசாலியா அம்மாவிடம் நடந்து ஏறுவது வழக்கம். இவரும் வருவார். கோவில் ஒரு குகை. உள்ளே பாறையிலிருந்து எந்நேரமும் தண்ணீர் சொட்டும். பக்தர் தலையில் விழாமல் இருக்கக் குகைக்கூரை முழுக்கத் தகரப் பீலிகள் மாட்டியிருப்பார்கள். நாங்கள் அம்மாவைப் பார்த்துக் கும்பிட, இவர் தலையை அண்ணாந்து பீலிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். “இது இண்டைக்குப் பெய்த மழை இல்லை, தங்கச்சி. மலைக்குள்ளாலை இறங்கி வர எத்தினையோ நாள். இஞ்சை சொட்டேக்கை மேலை எல்லாம் காய்ஞ்சிருக்கும்.” கும்பிட வந்த இடத்திலும் இதுதானா என்று என் மனுசன் என் காதைக் கடித்தார்.

பிறகு சினியோராவுக்கு மறதி வந்தது. மலைக்குப் போவது நின்றது. மகளின் பெயர் மறந்தது, புருசன் செத்தது மறந்தது, ஒன்று மட்டும் மறக்கவில்லை. பின்னேரம் ஐந்து அடித்தால் தலையைத் திருப்பிக் கேட்பார், “குவாந்தோ?” எவ்வளவு? தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று. இவர் ஒரு எண் சொல்வார். கிழவி தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும்.

ஒருநாள் நான் கேட்டேன், “அண்ணை, சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லுறியளோ?”

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டினார். அந்த மலையின் அன்றைய வெயில், முந்தின நாள் வெயில், இரவில் உச்சியில் உறைந்ததா இல்லையா, எல்லாம் பார்த்து வைத்திருந்தார். பழைய கொப்பிகளில் அதே மாதிரி ஒரு நாளைத் தேடி எடுத்து, அந்த எண்ணைத்தான் சொல்கிறாராம். “அவவுக்குப் பொய் சொல்ல மாட்டன்” என்றார். அந்த ஆற்றிலிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கு இப்பால், சன்னல்களைச் சாத்திய பலேர்மோ வீட்டில், ஒரு மனிதர் தினமும் அந்த ஆற்றின் மட்டத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஏனோ பயமும் வந்தது.

அந்த ஆகஸ்ட் மாதம் பள்ளிக்கூடம் விடுமுறை. என் மனுசன் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வடக்கே என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். தம்பி மலையடிவாரத்தில் ஒரு சின்னப் பட்டணத்தில் தொழிற்சாலை வேலை. எனக்கு லீவு கிடைக்கவில்லை. பலேர்மோ கொதித்துக்கொண்டிருந்தது. சினியோரா அறையில் உறங்க, நான் குசினியில் துணி மினுக்கிக்கொண்டிருந்தேன். அவர் மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். வேலைக்குள் பார்க்காமல் விட்ட வாட்ஸ்அப்பை அப்போதுதான் திறந்தேன். மனுசன் ஒரு படம் போட்டிருந்தார். கல்லுக் குவியலில் விரித்த துணி, புட்டும் கோழிக்கறியும் கட்டிய பார்சல், காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு என் இரண்டு பெட்டைகளும். மூத்தவள் அபிக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஆறு. பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு கறுத்தக் கல், அதில் காயப்போட்ட மனுசனின் சேட்டு. படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்: “வானத்திலை ஒரு பொட்டு முகில் இல்லை. நீதான் இல்லை.”

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. “அண்ணை, பாருங்கோ, உங்கடை அரிசித் தண்ணியிலை என்ரை பிள்ளையள்” என்று போனை நீட்டினேன்.

அவர் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

“உது எப்ப எடுத்தது?”

“பன்ரெண்டரைக்கு அனுப்பியிருக்கிறார்.”

“இப்ப என்ன நேரம்?”

“மூண்டு பத்து. ஏன்?”

கையைத் துடைத்துவிட்டு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு இழுத்து இழுத்துப் பார்த்தார். “இவை கரையிலை இல்லை, தங்கச்சி. நடுவிலை இருக்கினம். இஞ்சை பாருங்கோ, கல்லுக்குப் பின்னாலையும் தண்ணி ஓடுது. உது கல்லுத்திட்டி.”

“கணுக்கால் தண்ணிதானே. நடந்து போயிருப்பினம்.”

“காலமை கணுக்கால்.” அவர் குரல் இறங்கிவிட்டது. “அங்கை ரெண்டு கிழமையா எறிக்கிற வெய்யில். இரவிலையும் மேலை உறையேல்லை. அடியுங்கோ. உடனை அடியுங்கோ, இப்பவே வெளிக்கிடச் சொல்லுங்கோ.”

அடித்தேன். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். பத்துத் தரம் அடித்திருப்பேன். போனைப் பைக்குள் போட்டு மூடிவிட்டுப் பிள்ளைகளோடு விளையாடுகிறார் என்று எனக்கு நானே சொன்னேன். தம்பிக்கு அடித்தேன், வேலை நேரத்தில் அவன் போன் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். அவசர இலக்கத்துக்கு அடித்தோம். இவர் வாங்கி இத்தாலியில் நிதானமாகச் சொன்னார். எந்த இடம் என்று கேட்டார்கள். எனக்குத் தம்பியின் பட்டணத்துப் பெயர் மட்டும்தான் தெரியும். அந்த ஆற்றில் மேலும் கீழும் கல்லுத்திட்டிகள் எத்தனையோ, ஆட்களை அனுப்பித் தேடச் சொல்கிறோம், இடம் தெரிந்தால் உடனே அடியுங்கள் என்றார்கள். இஸ்திரிப்பெட்டிக்குக் கீழே ஏதோ கருகுகிற மணம் வந்தது. சினியோராவின் தலையணை உறை. அவர் எட்டிப் பிளக்கைக் கழற்றினார்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, மனுசன் எடுத்தார். மூச்சு வாங்கியது.

“இஞ்சை பார், நான் இப்ப கதைக்கேலாது. தண்ணி கொஞ்சம் ஏறியிட்டுது. செருப்பெல்லாம் தண்ணியோடை போட்டுது. பிள்ளையளைக் கொண்டு அந்தப் பக்கம் போகப் போறன்.”

போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன். இவர் குனிந்து கேட்டார், “தம்பி, எவ்வளவு ஆழம்?”

“முழங்காலுக்குக் கொஞ்சம் மேலை, அண்ணை. பத்துப் பன்ரெண்டு அடிதான் அகலம். சின்னவளைத் தோளிலை வைச்சு, அபியைக் கையிலை பிடிச்சுக்கொண்டு போயிடுவன்.”

“தண்ணிக்குள்ளை சத்தம் கேக்குதோ? கல்லு உருளுற மாதிரி, இடிக்கிற மாதிரி?”

“ஓம். டக்கு டக்கெண்டு கேக்குது.”

“அப்ப கால் வையாதேங்கோ. கல்லு உருளுற தண்ணியிலை கால் நிக்காது. அந்தக் கறுத்தக் கல்லிலை பிள்ளையளை ஏத்துங்கோ. நீங்கள் பக்கத்திலை நில்லுங்கோ. எங்கை நிக்கிறியள், இடத்தைச் சொல்லுங்கோ.”

“முகாமடிக்கிற இடம் தாண்டி, மரப்பாலத்துக்கு மேலை.” பிறகு மனுசனின் குரல் ஓங்கியது. “அண்ணை, இப்ப விட்டால் பேந்து கடக்கேலாது! ஏறிக்கொண்டெல்லோ வருது! பலேர்மோவிலை இருந்துகொண்டு விசர்க்கதை கதையாதேங்கோ!” சின்னவள் அழுவது கேட்டது. “இஞ்சை பார், நீ சொல்லு. போனிலை சார்ஜ் முடியப் போகுது. நீ சொல்லு, போறதோ நிக்கிறதோ?”

இவர் என்னைப் பார்த்தார். இந்த இடத்தை நான் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு கல்லுத்திட்டியில் என் பிள்ளைகளை நிற்கச் சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? முழங்கால் ஆழம், பன்னிரண்டு அடி. நானாக இருந்தால் எப்போதோ இறங்கியிருப்பேன். எதிரில் நின்றவரின் முகத்தில் ஒரு நம்பிக்கை தெரிந்தது, அல்லது அப்படி நான் எடுத்துக்கொண்டேன்.

“நில்லுங்கோ,” என்றேன். “அண்ணை சொல்லுற மாதிரிச் செய்யுங்கோ. கடக்காதேங்கோ.”

மறுமுனை அறுந்தது. திருப்பி அடித்தால் மணி போகவில்லை. காலையில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டுக்கொடுத்துச் சார்ஜை முடித்துவிட்டுப் பைக்குள் போட்டிருக்கிறார், ஆற்றுச் சத்தத்தில் மணி கேட்கவில்லையாம்.

இவர் அவசர இலக்கத்துக்கு இடத்தைச் சொன்னார். கயிறும் ஆட்களும் வருகிறார்கள், மலைப்பாதை, நேரம் எடுக்கும் என்றார்கள். பிறகு செய்ய ஒன்றும் இல்லை. நான் குசினிக்கும் வாசலுக்கும் நடந்தேன். ரொசாலியா அம்மா, பிள்ளைகளைத் தந்தால் வெறுங்காலோடு மலை ஏறுகிறேன் என்று நேர்ந்தேன். அவர் மேசையில் இருந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நறுக்கிய பீன்ஸ் அப்படியே கிடந்தது.

ஐந்து அடித்தது.

அறைக்குள்ளிருந்து சினியோராவின் குரல் வந்தது. “குவாந்தோ?”

அவர் எழுந்து போனார். நான் கதவடியில் நின்றேன். கட்டிலுக்குப் பக்கத்தில் போய்ப் போர்வையை இழுத்துவிட்டார், எண் சொல்லவில்லை. கிழவி மறுபடி கேட்டது. அவர் மெல்ல, “நோன் லோ ஸோ, சினியோரா” என்றார், அதாவது, எனக்குத் தெரியாது.

ஒருநாளும் அந்தக் கேள்விக்குத் தெரியாது என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. குசினிக்குள் அவரை இழுத்து வந்தேன், சட்டையில்தான் பிடித்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

“அண்ணை, உங்களுக்குத் தெரியாதோ? தண்ணி எங்கை மட்டும் வரும் எண்டு தெரியாதோ?”

“தெரியாது.”

“பதினொரு வருசம் அளந்தனியளே!”

“அது வேறை ஆறு, தங்கச்சி. இந்த ஆத்தை நான் கண்ணாலை கண்டதில்லை.” போனை எடுத்துக் கறுத்தக் கல்லைக் காட்டினார். “இஞ்சை பாருங்கோ. கீழ்ப்பாதி கழுவித் துடைச்ச மாதிரி இருக்கு. மேல்பாதியிலை மஞ்சளாப் பாசி பூத்திருக்கு. பாசி இருக்கிற இடத்துக்குத் தண்ணி வாறதில்லை. வந்திருந்தால் பாசியை உரிச்சிருக்கும். அதை வைச்சுத்தான் சொன்னனான். ஆனால் அது போன வருசங்கள். இந்த வருச வெய்யிலுக்கு எனக்குத் தெரியாது.”

“ஏன் சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தால் நீங்கள் கடக்கச் சொல்லியிருப்பியள்.”

அறைய வேண்டும் போல் இருந்தது. கையும் தூக்கினேன். அவர் விலகவில்லை. கதிரையில் இருந்துகொண்டு, என்னைப் பாராமல், மேசையைப் பார்த்துக் கதைத்தார்.

எல்லை மலை கடந்து வரும்போது கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்சிக்காரன் ஓர் ஆற்றங்கரையில் நிறுத்தி, விடியத்தான் கடக்க வேண்டும் என்றானாம். ஏன் என்று சொல்லவில்லை. அவனுடைய பாஷையும் இவர்களுக்குத் தெரியாது. பசி. குளிர். பின்னேரம், நல்ல வெயில். தண்ணீர் முழங்காலுக்கு மேலே. கூட வந்த ஊர்ப் பெடியன் பயந்தான்.

“நான்தான் சொன்னனான். வானத்தைப் பார், மழை இல்லை, மழை இல்லாமல் தண்ணி ஏறாது, வா எண்டு. நான் முதல் இறங்கிக் கடந்திட்டன். திரும்பி நிண்டு கை காட்டிக் கூப்பிட்டன். நடுவிலை அவனுக்குக் காலுக்குக் கீழை கல்லு உருண்டுது.” மேசையில் கிடந்த பீன்ஸை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, “ஏழெட்டு வருசத்துக்குப் பிறகு சினியோரா விளங்கப்படுத்தேக்கைதான் எனக்குத் தெரிஞ்சுது, அண்டைக்கு மேலை வெய்யில் எண்டு” என்றார்.

கொப்பியைப் போட்டுவிட்டு அவர் ஏன் நிலத்தில் இருந்தார் என்று அப்போது எனக்கு விளங்கியது. அதைச் சொல்லிக் கிழவி சிரிக்க நானும் சிரித்திருக்கிறேன்.

“கடந்தால் என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும், தங்கச்சி,” என்றார். “நிண்டால் என்ன நடக்கும் எண்டுதான் தெரியாது. அதாலை நிக்கச் சொன்னனான்.”

அந்த ஒன்றரை மணித்தியாலத்தை எழுத எனக்கு விருப்பமில்லை. கீழே தெருவில் மோட்டார் சைக்கிள்கள் போயின, பக்கத்து வீட்டில் யாரோ மீன் பொரித்தார்கள். ஆறு நாற்பதுக்குத் தெரியாத இலக்கம் ஒன்று அடித்தது. எடுக்க எனக்குக் கை வரவில்லை. அவர் எடுத்து, கேட்டு, என் காதில் வைத்தார். அபியின் குரல். இத்தாலியும் தமிழும் கலந்து கத்தினாள், “அம்மா, எங்களைக் கயிறு கட்டிக் கொண்டுவந்திட்டினம்! தீயணைக்கிற பொம்பியேரி வந்தவை! சின்னவள் கல்லிலை மூத்திரம் போயிட்டாள்!” நான் நிலத்தில் இருந்து அழுதேன். மனுசன் வாங்கினார். பற்கள் அடித்துக்கொண்டதில் சொல் சரியாக வரவில்லை. “அண்ணையிட்டைக் குடு” என்றார்.

அவர் கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவு வந்தது?”

“நான் கல்லுக்குப் பக்கத்திலை நிண்டனான், அண்ணை. திட்டியிலையே முழங்காலுக்கு மேலை ஒரு சாண். அதோடை நிண்டுது. பிள்ளையளின்ரை கால் நனையேல்லை.” பிறகு மனுசன் சொன்னது எனக்கும் கேட்டது. “நான் கடக்க நினைச்ச இடத்தாலை ஒரு முழு மரம் போச்சுது, அண்ணை. வேரோடை.”

போனை என்னிடம் தந்துவிட்டு அவர் சினியோராவின் அறைக்குப் போனார். கிழவி கண் மூடியிருந்தது. காதருகில் குனிந்து, முழங்காலுக்கு மேலே ஒரு சாண் என்று அவருடைய இத்தாலியில் சொன்னார். ஐந்து மணிக்குச் சொல்லாமல் விட்ட கடனை அடைத்தார் போல. திரும்பி வந்தபோது நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். என் பிள்ளைகளின் உயிரைத் தெரியாத ஒன்றில் வைத்துவிட்டு என்னிடம் மறைத்த மனிதர். காலில் விழவும் மனம் வந்தது, கன்னத்தில் போடவும் மனம் வந்தது. இன்றைக்குக் கேட்டாலும் எது சரியென்று சொல்லமாட்டேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

மனுசனும் பிள்ளைகளும் வந்த அடுத்த ஞாயிறு நேர்த்திக்கு மலை ஏறினோம். நான் வெறுங்காலோடு. என் மனுசன் அவருக்குப் பக்கத்திலேயே நடந்தார், ஒரு பகிடியும் விடவில்லை. அந்தப் பட்டத்தை அதற்குப் பிறகு மனுசன் வாயில் நான் கேட்டதில்லை. குகைக்குள் நாங்கள் மெழுகுதிரி கொளுத்த, அவர் வழக்கம்போலத் தகரப் பீலிகளுக்குக் கீழே போய் நின்றார். நின்றுவிட்டு என்னைக் கூப்பிட்டார். செத்த பெடியனின் அக்கா வவுனியாவில் இருக்கிறாவாம். எங்கேயோ ஒரு நாட்டில் சிறையில் இருக்கிறான், ஒருநாள் வருவான் என்றுதான் இத்தனை வருசமும் நினைத்துக்கொண்டிருக்கிறாவாம். இலக்கம் எப்போதோ எடுத்து வைத்திருந்தார், அடித்ததில்லை. “பக்கத்திலை கொஞ்சம் நில்லுங்கோ” என்றார்.

மறுமுனையில் எடுத்தார்கள். ஊரையும் தன் பெயரையும் சொன்னார், தகப்பனின் பெயரைச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் ஆவலாக எதையோ கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஓம் அக்கா. நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டாத்தான் வந்தனாங்கள்... இல்லை அக்கா, சிறையிலை இல்லை... அக்கா, அண்டைக்கு வானத்திலை ஒரு பொட்டு முகில் இல்லை. நான்தான் அவனை வா எண்டனான்.”

நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டேன். வவுனியாவிலிருந்து என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது, பிறகும் நான் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது போனைக் காதில் வைத்தபடியே நின்றார். பீலியின் மூட்டிலிருந்து தண்ணீர் அவர் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் விலகவில்லை.